பாவாயியின் பத்து நகங்கள்

மாசி 4, திங்கள்

விடியலில் பனி. பத்து மணிக்கே வெயில் சுள்ளென்று. கடையில் இரண்டு கிராப்பு, ஒரு சவரம், ஒரு மொட்டை. சோப்பு தீர்ந்துவிட்டது.

மத்தியானம் ஏற்காடு ரோட்டு சினிமா கம்பெனியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். மானேஜர் (இனி மா.) அறை. தலைக்கு மேல் மின்விசிறி. என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது: "வாங்க. உட்காருங்க."

எனக்கு நாற்பது வயது. நாற்காலியைக் காட்டி 'ங்க' போட்டு என்னோடு பேசிய வெளியாள் இவர்தான் முதல். ஊருக்குள் பல் முளைக்காத பிள்ளைகூட என்னை 'வாடா' என்றுதான் சொல்லும். நுனியில் உட்கார்ந்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன்.

விஷயம்: மேக்கப்காரர் கல்கத்தா போனவர் திரும்பவில்லை. கதாநாயகி அம்மாளுக்கு நகம் கடிக்கும் பழக்கம். கையை மட்டும் கிட்டத்தில் படம் பிடிக்க வேறொருத்தி கை வேண்டும். அதற்கு நக அலங்காரம் செய்ய ஆளும் வேண்டும். "கையையும் நீங்களே கொண்டு வாங்க. பதினாறாம் தேதி, சனிக்கிழமை. போட்டோ எடுத்துப் பார்ப்போம். சரியா வந்தா கம்பெனியிலேயே இருந்துடலாம்."

கொடுத்தவை: படம் போட்ட இங்கிலீஷ் புத்தகம். மெல்லிய அரம். சிவப்பு நகச்சாயம், சுண்டுவிரல் அளவு குப்பி.

மாசி 5, செவ்வாய்

கடை லீவு. நாள் பூரா புத்தகம்தான். எழுத்து புரியாது, படம் போதும். நகத்தை இப்படியும் செய்யலாமா என்று வாய் பிளந்துகொண்டே பார்த்தேன். இருபத்தைந்து வருஷமாக நகம் வெட்டுகிறேன். வெட்டுவது மட்டும்தான் வேலை என்று நினைத்திருந்தேன்.

மூன்று தினுசு:
1. வெறும் மெருகு. அரத்தால் ராவி, ஓரத் தோலை ஒதுக்கி, பவுடர் போட்டு மெல்லிய தோல் துண்டால் தேய்ப்பது. சாயம் இல்லை.
2. நிலா. நகத்தடியில் பிறை அளவு விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சாயம். (முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். பத்து விரலிலும் ஒரே மாதிரி பிழை வராது.)
3. முழுச் சிவப்பு.

எதை எடுப்பது? 2-தான் அழகு. கை பழக வேண்டும். யார் கை? வேறு யார், பாவாயி (இனி பா.) கைதான். என் வீட்டுக்காரி. சுற்றுவட்டாரத்தில் பிரசவம் பார்ப்பவள். நீள விரல்கள். ஆனால் நகம் எப்போதும் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கும்.

"பதினோரு நாளைக்கு நகத்தை வெட்டாதே" என்றேன்.

"யாராச்சும் கூப்புட்டா என்ன பண்றதுங்க?"

"இந்த மாசம் யாரு இருக்கா?"

விரல் விட்டு எண்ணினாள். கன்னங்குறிச்சியில் ஒருத்தி, அயோத்தியாப்பட்டணத்தில் ஒருத்தி. இரண்டும் மாசக் கடைசியில்தானாம். சரியென்றாள்.

மாசி 9, சனி

புத்தி கெட்ட காரியம். சாயக் குப்பிக்கு வாழைப்பழ வாசனை. மோந்து மோந்து பார்த்துவிட்டு மூடாமல் கடைக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் அரக்காய் இறுகிக் கிடக்கிறது. மா.விடம் இன்னொன்று கேட்க முகமில்லை.

பா. சிரித்துவிட்டுச் சொன்னாள்: "மருதாணி இருக்குதுல்லங்க. செவப்பு செவப்புத்தானே."

அதுவும் சரி. அரைத்து, இடது கையில் மூன்று விரலுக்கு நிலா விட்டு, இரண்டுக்கு முழுதாக வைத்தேன். ஈர்க்குச்சியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு. வலது கைக்கு வெறும் மெருகு. சாயந்திரம் கழுவினால் நல்ல செம்பருத்தி நிறம். இந்தக் கையையா இத்தனை வருஷம் பார்க்காமல் இருந்தேன்!

மாசி 14, வியாழன்

நகம் நெல் அகலம் வளர்ந்திருக்கிறது. பா.வுக்குச் சோறு பிசைய முடியவில்லை. மிளகாய்ப்பொடி நகத்துக்குள் போய் எரிகிறதாம். கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், திங்கள் முதல் கம்பெனி வேலை என்று. சொல்லியிருக்கக்கூடாது.

மாசி 15, வெள்ளி

காலையில் அயோத்தியாப்பட்டணத்து வண்டி வாசலில். நாளுக்கு முன்னாலேயே வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம்.

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் பா. என் நகவெட்டியை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை, வீட்டுக்குள். பத்தையும் ஒட்ட வெட்டினாள்.

கத்தினேன். நாளைக்குத்தானே போட்டோ, ஒரு நாள் பொறுக்கக்கூடாதா, என் தலையெழுத்தையே வெட்டுகிறாயே என்றேன். அவள் நிமிரவே இல்லை.

"நகத்தோட கையை உள்ள உட்டா அந்தப் புள்ள என்னாகுமுங்க?"

வண்டியில் நானும் ஏறினேன். துணைக்கு இல்லை, திட்டி முடியவில்லை, அதற்காக. வழி நெடுக என் வாய் ஓயவில்லை. வண்டிக்காரனே சங்கடப்பட்டு மாட்டிடம் பேச ஆரம்பித்தான்.

அங்கே பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "டேய், அப்படிப் போய் வேலியோரம் நில்லு" என்றார். நின்றேன். வெயில். உள்ளே அந்தப் பெண் போட்ட சத்தத்தில் என் கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை. நடுநடுவே பா. குரல் மட்டும்: "என்னைப் பாரு சாமி. இந்தா, என் கையி. ஒண்ணும் பண்ணாது." வீட்டில் ஒருநாளும் கேட்காத குரல். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும், இவள் வெளியே போய் என்ன செய்கிறாள் என்று நான் பார்த்ததே இல்லை.

பொழுது சாயும் நேரம் பிள்ளை அழுதது. ஆண். இரண்டு உயிரும் பத்திரம்.

பா. கை கழுவ வெளியே வந்தாள். என்னை விரட்டிய அதே ஆள் செம்பு எடுத்துத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினார். "சாமி, நீ நல்லா இருக்கோணும்" என்றார், அழுதுகொண்டே. முழங்கை வரை ரத்தம் கரைந்து ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாசி 16, சனி

கம்பெனி. எத்தனை விளக்குகள்! பகலுக்குள் இன்னொரு பகல். கறுப்பு வெல்வெட்டுத் துணியில் பா. இரண்டு கையையும் வைத்தாள். மொட்டை நகம்தான், இருந்தாலும் காலையில் ஒரு மணி நேரம் ராவி மெருகு போட்டிருந்தேன். நகம் வளரும், இப்போதைக்கு இதை மாதிரிக்குப் பாருங்கள் என்றேன். மா. தலையாட்டினார். படம் எடுத்தார்கள். திங்கள் வரச் சொன்னார்.

மாசி 18, திங்கள்

காற்று. புழுதி. இருவரும் போனோம்.

போட்டோவைப் பார்த்து ஆடிப்போனேன். கறுப்பு வெள்ளைப் படமில்லையா, சிவப்பெல்லாம் கறுப்பாக விழுந்திருக்கிறது. இடது கை கரி அள்ளின கை. நிலா வைத்த விரல்கள் கதவிடுக்கில் நசுங்கினது போல. மருதாணி இல்லாமல் குப்பிச் சாயம் பூசியிருந்தாலும் இதே கதைதான் என்றார் மா. வலது கை, அந்த வெறும் மெருகு, ஒவ்வொரு நகத்திலும் ஒரு பொட்டு வெளிச்சம். அவ்வளவு அழகு. இந்தக் கையா என்று பா.வே குனிந்து பார்த்தாள்.

"இதுதான் வேணும். நாளையிலிருந்து வாங்க" என்றார் மா. "ஒண்ணே ஒண்ணு. நகம் அரை அங்குலம் இருக்கணும். படம் முடியற வரைக்கும் வெட்டக்கூடாது. எட்டு மாசம். இந்தக் கை இருந்தாத்தான் உங்களுக்கும் வேலை."

பா. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சரியென்றால் அவள் வளர்த்துவிடுவாள். கூப்பிட வருகிறவர்களிடம் வேறு ஆள் பாருங்கள் என்றும் சொல்லிவிடுவாள். அதை நினைத்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"அது வளராதுங்க" என்றேன்.

"நகம் எப்படி வளராம இருக்கும்?"

"வளரும். வெட்டிப்போடுவாங்க. வெட்டித்தான் ஆகோணுங்க. அவங்க வேலை அப்படி."

மா. புத்தகத்தையும் அரத்தையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். "சரி, நீ போகலாம்" என்றார்.

ரோட்டில் பாதி தூரம் வந்தோம். பிறகு பா.: "எட்டு மாசந்தானுங்களே. வளர்த்தியிருப்பேனுங்க."

"தெரியும். அதான் நானே சொல்லிட்டேன்."

அஸ்தம்பட்டி முக்கில் அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கன்னங்குறிச்சிக்காரிக்கும் நாள் நெருங்கிவிட்டதாம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

"போயிட்டு வாங்க" என்றேன்.

யாரிடம் சொல்கிறேன் என்று திரும்பிப் பார்த்தாள்.