பழைய எடை

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு மதுமதியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? விக்கிரமசிங்கபுரத்தில் மழை உண்டா? நான் சுகம்.

நேற்று மருத்துவமனையில் ஒரு சின்னப் பதற்றம். குழந்தைகளின் எடையைக் கொண்டு மருந்தளவு கணக்கிடும் மென்பொருளை எழுதியது நான்தான். திரையில் சீக்கிரம் வரட்டும் என்று, ஒருமுறை கணக்கிட்டதைக் கணினி அப்படியே சேமித்துக் காட்டும்படி வைத்திருந்தேன். ஒரு கைக்குழந்தைக்குப் பதினெட்டு கிலோ என்று தவறாகப் பதிந்ததை எட்டாகத் திருத்தினார்கள், ஆனால் திரையில் பழைய எடைக்குச் சேமித்த மருந்தளவே நின்றது. கண்டதும் வார்டுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நம் முக்கூடல் நர்ஸ் முத்துராணி.

"அக்கா, ஊசி போட்டாச்சா?"

"கையிலதான் இருக்கு பிள்ள. பதறாம பைய சொல்லு."

சரியான அளவைச் சொன்னேன், அந்த ஊசியைப் போடவில்லை. குழந்தை நலம். இனி எதையும் சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும்படி மாற்றிவிட்டேன்.

மோர் மிளகாய் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் போனை வைத்துவிடாதீர்கள்.

மேலாளர் கூப்பிடுகிறார். யார் செய்தது என்று கேட்பார். நான்தான் என்று சொல்லப் போகிறேன், அம்மா.

மதுமதி