வலது கையும் இரட்டைக் கார்புரேட்டரும்

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலையிலேயே முற்றத்துக் கல் சுடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு லீவு, எனக்கு இல்லை. இவர் காருக்கு அடியில், நான் ஸ்டூலில் கையேட்டோடு. அது இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். இதற்கு ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துவது எவ்வளவோ மேல். அந்தப் பெண்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

கார்: சிவப்பு, இரண்டே சீட்டு, கூரை துணி. மெட்ராஸில் யாரோ வெளிநாடு போகும்போது தள்ளிவிட்டது. போன வருஷம் லாரியில் ஏறி வந்து இறங்கியது. "இன்னாடா இது, ஒரு மொளம் உசரம் கூட இல்ல" என்றார் நைனா (மாமனார்). அபிப்பிராயம் இன்னும் மாறவில்லை.

25-ம் தேதி போட்டி. மெட்ராஸ் கிளப்காரர்கள் நம் பக்கத்து வறண்ட ஏரிக்குள் தகர டின்களை வைத்து வளைசல் பாதை போடுகிறார்கள். ஒவ்வொரு காராக ஓட வேண்டும், கடிகாரம் பிடிப்பார்கள். டின்னைத் தட்டினால் நேரம் கூடும். இவர் பேர் கொடுத்தாயிற்று. ஒரு வருஷமாக இதே பேச்சு.

மீதி வேலை:
செல்ஃப் மோட்டார் எரிந்து கிடக்கிறது. அரக்கோணத்தில் காயில் சுற்றக் கொடுக்க வேண்டும். அதுவரை முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட்.
பின் ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை.
இஞ்சின் உட்காரும் ரப்பர் போய்விட்டது. பதிலுக்குத் தறியில் போடுகிற தடித்த தோல். (நைனா: "எந்தத் தறிதுடா? என்துதா?")
பம்பர் இரண்டையும் கழற்ற. எடை குறையும்.
மாவடுவுக்கு உப்பு வாங்க.

மே 6, செவ்வாய்

இஞ்சினின் தலையைக் கழற்றி, தறிச் சாமான் கடைகிற தன் பட்டறை லேத்தில் இழைத்தார். அழுத்தம் கூடுமாம். சக்தி கூடுமாம். இரண்டு கார்புரேட்டரையும் கழுவிப் பூட்டி, காற்று வடிகட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டார். "மூச்சு நல்லா உடும், கமலா." இப்போது இரண்டு வாயும் ஆவென்று திறந்தபடி. தூசு போகாதா என்றால் சிரிக்கிறார்.

தலையைக் கழற்றும் வரை விடியற்காலைகளில் மணவூர் ரோட்டில் நான் இந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இவர்தான் பழக்கினார். நைனாவுக்குத் தெரியாது. மலைக்கோயிலுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது மறக்காமல் நெற்றியில் விபூதி. முருகா, மன்னிச்சிடு.

மே 8, வியாழன்

இஞ்சின் பூட்டியாயிற்று. சண்டையும் ஆயிற்று. பிளக்கில் நெருப்பு விழுகிற நேரத்தை இவர் முன்னால் தள்ளி வைத்தார். மட்டமான பெட்ரோலானால் பின்னால் தள்ளு என்று கையேட்டில் இருக்கிறது. வாசித்துக் காட்டினேன். மறுபடியும் வாசித்தேன்.

"புஸ்தகம் எழுதினவன் ரேஸ் ஓட்டினானா?"

போய் ரசம் வைத்தேன். புளி தூக்கல். வேண்டுமென்றேதான்.

மே 9, வெள்ளி

இவர் இப்போதுதான் தூங்கினார். உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் இவர் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். இஞ்சின் அந்த ஹேண்டிலையே திருப்பி அடித்தது. நான் அடுப்படியில். ஏதோ டின் விழுந்தது என்றுதான் நினைத்தேன். வந்து பார்த்தால் இவர் தரையில். வலது மணிக்கட்டு வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. சத்தமே போடவில்லை.

நைனா: "புத்தூருக்கு இஸ்துகினு போயிடலாம். கட்டு கட்டினா சரியாப் பூடும்."

புத்தூர் பஸ் அப்போதுதான் போயிருந்தது. ஸ்டாண்டில் இருக்கிற ஒரே டாக்ஸி கல்யாணத்துக்குப் போய்விட்டது. கை வீங்கிக்கொண்டே வந்தது.

"நான் ஓட்டறேன் நைனா." வாயிலிருந்து வந்தேவிட்டது.

நைனா என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இவர் பல்லைக் கடித்தபடி, "ஓட்டுவா நைனா. நல்லா ஓட்டுவா."

"ஆங்."

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பின்னால் போய்விட்டார். எதிர் டீக்கடையிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். தள்ளினார்கள், பிடித்துக்கொண்டது. நைனா ஓடி வந்து மடித்து வைத்த துணிக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார்.

ஆந்திரா எல்லையில் செக்போஸ்ட். இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் யார் தள்ளுவது? அங்கிருந்தவன் இளித்தான். "இன்னா பெர்சு, சினிமா ஷூட்டிங்கா?"

"எங்க ஊட்டுப் பொண்ணுய்யா. கட்டயத் தூக்கு."

எங்க ஊட்டுப் பொண்ணு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை காதில் விழுகிறது. அழுகை வந்தது. ரோடு மறைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன்.

புத்தூரில் கட்டுக்காரர் கையை இழுத்து ஒரு திருப்புத் திருப்பினார். பச்சிலை, முட்டை வெள்ளை, மூங்கில் தப்பை, துணி. "ஏமி காதும்மா, ஒண்ணும் ஆவாது. எலும்புதான். மூட்டு நவுரல." தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். ஆனால் விரல்களைத் தொட்டால் தெரியவில்லை என்கிறார் இவர். வீக்கம் வடிந்தால் வந்துவிடுமாம்.

திரும்பி வரும்போது நகரி தாண்டி நைனா வாயைத் திறந்தார். "கியரு சத்தமில்லாம உயுது. உம் புருசன் போட்டா மாவு மில்லு." மணவூர் ரோடு பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரே, கோடி புண்ணியம்.

மே 10, சனி

வீட்டுக்கு வந்ததும் சொல்லாததை நைனா இன்று சொன்னார். "அந்த வண்டிய எடைக்குப் போடு. வர வெள்ளிக்கெயம ஆள வரச் சொல்றேன்." இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கும் அந்த வண்டியை உதைக்க வேண்டும்போல இருந்தது. உதைத்தேன். கால் விரல் வலி.

மே 13, செவ்வாய்

வீக்கம் வடிந்துவிட்டது. விரல் அசையவில்லை. கட்டைவிரல் மட்டும் கொஞ்சம். மற்ற நாலும் மரக்கட்டை என்கிறார். சுவரைப் பார்த்துப் படுத்தே இருக்கிறார். ஊட்டிவிட்டால் நாலு வாய்.

பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் உடைந்த ஷாஃப்டோடு வந்தார். பட்டறையில் லேத் சாக்கு மூடிக் கிடந்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். "தம்பி கை எப்டிங்கம்மா?" என்று மட்டும்.

சோற்றுக்கு என் சம்பளம் இருக்கிறது. அதுவல்ல. இந்த மனிதருக்குக் கையில்தான் மூளை. பேச்சு, கோபம், சந்தோஷம் எல்லாம் அந்த வலது கையில். அது போய்விட்டால் மிச்சம் யாரோடு குடித்தனம் நடத்துவேன்? வெளியில் சொல்ல முடியாது. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மே 16, வெள்ளி

பஸ்ஸில் புத்தூர். இரண்டாம் கட்டு. எலும்பு நேராக நிற்கிறது என்கிறார் கட்டுக்காரர். அது நிம்மதி. விரலை மடக்கச் சொன்னார். இவர் முகம் வியர்த்ததுதான் மிச்சம். "மனசு வெச்சி அசைக்கணும். பயந்துகினு சும்மா வெச்சிருந்தா அப்டியே நின்னுடும்."

பஸ்ஸில் ஒருத்தி இன்னொருத்தியிடம்: "நா சொல்லல? அன்னிக்கி கார் ஓட்டிக்கினு போச்சே டீச்சரம்மா, அதான்."

பழைய இரும்புக்காரன் வரவில்லை. எங்கோ திருவிழாவாம். திருவிழா வாழ்க.

மே 18, ஞாயிறு

மத்தியானம் சும்மாதான் கேட்டேன். "ரெண்டு கார்புரேட்டரும் ஒரே மாதிரி இழுக்குதான்னு எப்படிங்க பாக்கறது?" சுவர்ப் பக்கமிருந்து பதில்: "ரப்பர் குழாய வெச்சிக் கேளு. சத்தம் ஒண்ணா இருக்கணும்." டீக்கடைக்காரர்களைத் தள்ளச் சொல்லி இஞ்சினை ஓடவிட்டேன். வேண்டுமென்றே தப்பான திருகைத் திருப்பினேன், இஞ்சின் திக்கியது. நேராக வந்துவிட்டார்! சட்டை கூடப் போடாமல், கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. "அது இல்ல, அது இல்ல. அதுக்குப் பக்கத்துல." இருட்டும் வரை என்னைத் திட்டித் தீர்த்தார். இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

நைனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி சாப்பிடும்போது: "எடைக்காரனாண்ட சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரிக்கும் கெடக்கட்டும்."

மே 20, செவ்வாய்

செல்ஃப் மோட்டார் வந்தது. இனி அந்த ஹேண்டில் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. கிணற்றில் போட்டேன். (நைனாவிடம் சொல்லவில்லை.)

நெருப்பு நேரத்தைக் கையேட்டில் இருக்கிறபடி நானே பின்னால் தள்ளினேன். இவர் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சின் இப்போது ஏற்றத்தில் டக்டக்கென்று தட்டுவதில்லை.

25-ம் தேதி யார் ஓட்டுவது என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

விரல்: அப்படியே.

மே 23, வெள்ளி

அத்தை (மாமியார்) மலைக்குப் போய் அர்ச்சனை பண்ணிக்கொண்டு வந்தார். காருக்குச் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எல்லாம் சரி. சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணினால் காசநோய்க்காரன் மாதிரி இருமல். புகை. கறுப்பு, வெள்ளை, மறுபடி கறுப்பு. எனக்கு உயிரே போய்விட்டது.

கார்புரேட்டரைக் கழற்றினேன். உள்ளே சாம்பல். மோந்து பார்த்தேன். விபூதி!

அத்தை: "ரெண்டு வாயும் தொறந்துகினு கெடந்துச்சி. பிரசாதத்த வாயில போடாம வேற எங்கம்மா போடுவாங்க?"

இவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரை. இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு. நானும் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அத்தைக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

பெட்ரோலில் கழுவி, ஊதி, பூட்டி, ஓடுகிறது. கெடுதல் இல்லை. வாய்க்கு மூடி வேண்டும் என்றேன். பரணில் இருப்பது மூச்சை அடைக்குமாம். இவர் யோசித்துவிட்டு, "டீ வடிகட்டி?" என்றார். சரியான அளவு. இரண்டு.

மே 24, சனி

நைனா: "டீல தூளு மெதக்குது."

நாளைக்கு. தூக்கம் வராது. மாவடு நன்றாக வந்திருக்கிறது.

மே 25, ஞாயிறு

காற்று. ஏரிக்குள் ஒரே புழுதி. சுண்ணாம்புக் கோடு, டின்கள், மெட்ராஸ் கார்கள், கறுப்புக் கண்ணாடிகள். அம்மையார்குப்பத்திலிருந்து சைக்கிளில் ஊரே திரண்டு வந்திருந்தது. ஐஸ் வண்டி. எருமை நாலு, பாதைக்கு நடுவில். விரட்டப் பாதி காலை போயிற்று.

கிளப்காரர் இவர் கட்டைப் பார்த்து, "அடடா, மிஸ்டர் தேவராஜ்" என்றார். நான் ஓட்டுகிறேன் என்றேன். "லேடீஸுக்குத் தனியா இருக்கு, மேடம்." வேண்டாம், இவர் பேர் இருக்கிற இடத்திலேயே என் பேரை எழுதுங்கள் என்றேன். எழுதினார்.

இவரும் நைனாவும் கரைமேல். கூட்டத்தில் யாரும் கையில் இடிக்கக் கூடாது என்று நைனா இவருக்கு வலது பக்கம் நின்றுகொண்டார்.

கொடி விழுந்தது. முதல் டின் சுலபம். இரண்டாவதில் வேகம் கூடிவிட்டது. வண்டியின் பின்பக்கம் தனியாகக் கிளம்பிப் போனது. ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டது, அது நிச்சயம். கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கையேட்டில் இதற்குப் பக்கம் கிடையாது. காலை எடுத்தேன், எதிர்ப்பக்கம் திருப்பினேன், முருகா என்றேனா தெரியவில்லை. டமால், ஒரு டின் போயிற்று. வண்டி தொப்பென்று நாலு காலில் இறங்கி நேராயிற்று. அப்புறம் எல்லாம் நன்றாகப் போனது. நன்றாக என்றால், பாட்டுப் பாடலாம் போல.

நடுவில் ஏதோ ஓர் இடம். பரிசு ஒன்றும் இல்லை. எதுவும் உடையவில்லை, நானும் உடையவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்மேல் தலையை வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரே குளிர்ச்சி.

இருவரும் இறங்கி வந்தார்கள். நைனா முகத்தில் என்னவோ. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சட்டைக் கையை மேலே சுருட்டி, முழங்கைக்குக் கீழே காட்டினார். நகம் பதிந்து தோல் உரிந்து, வரிசையாக நாலு இடத்தில் ரத்தம்.

"நீ அந்த டின்னாண்ட சாஞ்ச பாரு, அப்ப புட்சாம்மா. உடவே இல்ல. எந்தக் கையால புட்சான்னு கேளு அவன."

நான் கேட்கவில்லை. இவர் தன் வலது கையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.