ஒச்சம்மாள் சொன்னது

11.6.2006, ஞாயிறு
கோயம்புத்தூரில் வகுப்பு. எம்.ஏ. தகவல் தொடர்பியல், இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்டுக்கு நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியையே எடுத்துக்கொண்டேன்: ஒரு தொழிலாளியின் புகார் ஆபீஸ் வரை எப்படி வந்து சேருகிறது? வகுப்பெடுக்கும் மேடத்துக்குப் பிடித்துவிட்டது. படிப்பை முடித்தால் கிளார்க் வேலையிலிருந்து எச்.ஆருக்குப் போகலாம்.

14.6, புதன்
சாப்பாட்டு நேரத்தில் டெய்லர் ஒச்சம்மாளிடம் பேசினேன். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். புகார் என்றதும் சிரித்தார். "யாருகிட்டச் சொல்ல? மேனேஜரு சசிகுமாரு கைய ஓங்காத நாளு ஏது தாயி?" முழங்கையைத் திருப்பிக் காட்டினார். இரும்பு ஸ்கேலின் தடம், கன்றிப்போய். பெயர், தேதி எல்லாம் குறித்துக்கொண்டேன். நல்ல விவரம் கிடைத்தது என்று ஒரு சந்தோஷம்கூட.

19.6
மேஜையில் வைத்த நோட்டைக் காணோம்.

20.6
மெஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் சசிகுமார் என் நோட்டைச் சத்தமாகப் படித்தார். "ஏனுங்க அக்கா, இது நீங்க சொன்னதுங்களா?" ஒச்சம்மாக்கா வாய் திறக்கும் முன் முடியைப் பிடித்து, முகத்தை மெஷின் பலகையில் மோதினார். ஒரு முறை இல்லை, மூன்று. தைத்து வைத்த வெள்ளைத் துணியெல்லாம் ரத்தம். கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நல்லா எழுதறீங்க கண்ணு. இதையும் நீங்களே எழுதிருங்க."
விபத்துப் பதிவேடு. 'படிக்கட்டில் தவறி விழுந்தார்.'
எழுதினேன். என் கையால்தான் எழுதினேன்.

21.6
இரண்டு பல் போய்விட்டது.

25.6, ஞாயிறு
மேடத்திடம் சொன்னேன். "பேரை ஏம்மா எழுதின? அவங்ககிட்டக் கேட்டியா?"
கேக்கலையே. ஒரு வார்த்தை கேக்கலையே. ரெண்டு வருசம் படிச்சு என்னத்தக் கிழிச்சேன்?

29.6, வியாழன்
எங்கள் பனியனை வாங்கும் வெளிநாட்டுப் பையர் அனுப்பிய ஆய்வாளர் வந்தார், டில்லிக்காரர். தமிழ் தெரியாது, மொழிபெயர்க்க நான். சசிகுமாரும் கூடவே உட்கார்ந்துகொண்டார். ஒச்சம்மாக்காவைக் கூப்பிட்டு, பல் எப்படிப் போனது என்று ஆய்வாளர் கேட்டார்.
"படியில விழுந்துட்டேன்னு சொல்லு தாயி" என்றார் ஒச்சம்மாக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.
"நடந்ததைச் சொல்லட்டாக்கா? நீங்க வேண்டாம்னா சொல்லல."
நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு, "சொல்லு. இன்னும் ஒடைக்க என்ன இருக்கு."
சொன்னேன். பதிவேட்டில் இருப்பது நான் எழுதிய பொய் என்பதையும் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சசிகுமாரின் அறை விழுந்தது, காதோடு சேர்த்து. நாற்காலியோடு சாய்ந்தேன். வயிற்றில் உதை. "தின்ன சோத்துக்கு இதானுங்களா? இதானுங்களா?" — மரியாதை குறையாமல் கேட்டுக்கேட்டு உதைத்தார். டில்லிக்காரர் அலறினார். ஒச்சம்மாக்காதான் கத்தரிக்கோலை எடுத்து சசிகுமாரின் கழுத்துக்கு நேரே நீட்டினார். "தள்ளிப் போடா!"
போனார்.

6.8, ஞாயிறு
சசிகுமார் ஜாமீனில் வந்துவிட்டார். ஒச்சம்மாக்கா போலீசில் வாக்குமூலம் கொடுத்துவிட்டு, சோமனூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எனக்கு இன்னும் வேறு வேலை கிடைக்கவில்லை. ப்ராஜெக்டுக்கு வேறு தலைப்பு கொடுத்தேன். வகுப்பில் முன்வரிசைக்கு மாறி, இடது ஓரமாக உட்கார்ந்தேன். அங்கிருந்தால் மேடம் பேசுவது வலது காதுப் பக்கம் விழுகிறது. இடது இனி கேட்காதாம்.