இடப்பக்கம் வந்த மஞ்சள் கார்

போன இடத்திலும் பேச்சுத் துணைக்கு நாலு பேரைப் பிடித்து உட்கார வைத்திருக்கும் என் அத்தைக்கு,

நாளை உங்களுக்கு முதலாண்டு நினைவுத் திருப்பலி. கோயிலில் பேர் கொடுத்துவிட்டேன், பூவுக்கும் சொல்லியாயிற்று. அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மாமா நன்றாக இருக்கிறார், அத்தை. முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு முன்னால் என்னால் இப்படி எழுதியிருக்க முடியாது.

நீங்கள் போன பிறகு மாமா கார் ஓட்டுவது கெட்டுப்போனது. பெண்ணாடம் ஆலைக்கு முப்பது வருஷம் கரும்பு லாரி ஓட்டியவர், கோயில் காம்பவுண்டுச் சுவரில் காரை உரசிக்கொண்டு வந்து நின்றார். அடுத்த மாதம் ஒரு பஸ்காரன் பக்கக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனான். “அவன்தான் ஒட்டி வந்தான்” என்றார். உங்களை இழந்த துக்கத்தில் கவனம் சிதறுகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு நம் ஊர்ப் பாலக்கரையில், சைக்கிளில் பூக்கூடை வைத்துப் போன ஒரு அம்மா மேல் கார் பட்டது. கீழே விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எலும்பு முறியவில்லை. “பெரியவரு வேணும்னா செய்வாரு? வுடும்மா” என்று அந்த அம்மாதான் எனக்குத் தைரியம் சொன்னாள். அவள் தலை கல்லில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், அத்தை?

அன்று சாயங்காலமே கார் சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள் போட்டேன்.

“சாவி எங்க, ஸ்டெல்லா?”

“எங்கிட்ட இருக்குது மாமா.”

“குடு.”

“குடுக்க மாட்டேன் மாமா.”

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. தட்டில் பாதிச் சோறு மிஞ்சியது. பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒரு மதியம் துணி எடுக்கப் போனேன். தூங்கிக்கொண்டிருந்தவரின் இடது கை கட்டில் சட்டத்தில் கியர் போட்டுக்கொண்டிருந்தது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் நீங்கள் என் கையைப் பிடித்து, “அவரு கையச் சும்மா இருக்க வுடாதடி, ஆளு செத்துருவாரு” என்றீர்கள். அந்தக் கையைத்தான் நான் கட்டிப்போட்டிருந்தேன்.

இதையெல்லாம் யூனிட்டில் சாப்பாட்டு நேரத்தில் யாசினிடம் சொன்னேன். யாசினை உங்களுக்குத் தெரியாது. மங்கலம்பேட்டைக்காரன், துபாயில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து எங்கள் பீங்கான் யூனிட்டில் பார்சல் அனுப்பும் பிரிவில் இருக்கிறான். கேட்டுவிட்டு அவன் சொன்னது இதுதான்.

“அக்கா, அவருக்கு வண்டி கெடையாதுன்னு சொல்லாதீங்க. வேற வண்டி குடுங்க.”

சிம் ரேசிங் என்று ஒன்று இருக்கிறதாம். நிஜ ஸ்டீரிங்கைப் போலவே ஒன்றை மேசையில் மாட்டி, காலுக்குக் கீழே பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் வைத்து, டிவியில் தெரியும் ரோட்டில் ரேஸ் ஓட்டுவது. துபாயில் ஆறு பேர் தங்கிய அறையில் சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்து ஓட்டுவார்களாம். “அதுதான் எங்களுக்கு ஊரு ஞாபகத்த மறக்கடிச்சுது” என்றான்.

கத்தாரில் இருக்கும் உங்கள் மகனுக்கு, என் வீட்டுக்காரருக்கு, போன் போட்டேன். “எழுவத்தொரு வயசுல அப்பாவுக்கு கேமா? ஊரு சிரிக்கும் ஸ்டெல்லா” என்றார். “ஊரு சிரிச்சா சிரிக்கட்டுங்க. உங்கப்பா சிரிச்சு எத்தன நாளாவுது தெரியுமா?” என்றேன். அப்புறம், “சரி, வாங்கு” என்றார்.

வாங்குவது சுலபமா? போனில் வீடியோ பார்க்கப் பார்க்கப் பயம்தான் அதிகமானது. ஒருத்தன் மூன்று திரை வைத்திருக்கிறான். இன்னொருத்தன் இரும்புச் சட்டம் அடித்து, ஆடுகிற சீட்டெல்லாம் போட்டிருக்கிறான். நம் வீட்டு ஹாலில் அதை வைத்தால் நாம் எங்கே உட்காருவது?

“அதெல்லாம் பாக்காதீங்கக்கா” என்றான் யாசின். “மொத தடவ வாங்கறவங்களுக்கு அது எதுவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு பாருங்க. ஸ்டீரிங்குக்குள்ள மோட்டார் இருக்கணும். கல்லுல ஏறுனா கை அதிரணும், வளைவுல கைய இழுக்கணும். சும்மா ஸ்பிரிங்கு வெச்சது பொம்மை. ஐயா லாரி ஓட்டுன கை, ரெண்டே நிமிஷத்துல தூக்கிப் போட்டுடுவாரு.”

டிவியில் மாட்டும் கேம் பெட்டியை அவன் தம்பியிடமிருந்து பழசாக வாங்கிக்கொள்ளலாம் என்றான். ஸ்டீரிங்கை நான் தேடினேன். ஒன்று பிடித்துப்போய் வாங்கும் பட்டனை அமுக்கப் போனபோது எதற்கும் அவனுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது. “அக்கா, அமுக்கிடாதீங்க. இது வேற கம்பெனி பெட்டிக்கு. நம்மளுதுல சேராது.” எந்தப் பெட்டியோ அதற்குத் தோதான ஸ்டீரிங்தான் வாங்க வேண்டுமாம். அது தெரியாமல் எத்தனை பேர் ஏமாந்தார்களோ.

கடைசியில் இரண்டு மாடல் நின்றது. ஒன்றில் இரண்டு பெடல், இன்னொன்றில் மூன்று. இரண்டு போதுமா என்று ஹாலில் நின்றபடி யாசினிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டில் பக்கமிருந்து குரல் வந்தது.

“கிளட்ச்சு இல்லாத வண்டி என்னா வண்டி?”

பதினேழு நாளைக்குப் பிறகு மாமா பேசிய முதல் வார்த்தை அது, அத்தை. மூன்று பெடலையே வாங்கினேன்.

அது வந்த நாள் வீடு பட்ட பாட்டைச் சொல்கிறேன். நம் சாப்பாட்டு மேசைப் பலகை தடிமன், ஸ்டீரிங்கின் பிடி அதில் கடிக்கவில்லை. உங்கள் தையல் மிஷினில் மாட்டிப் பார்த்தோம், திருப்பினால் மிஷினே கூட ஆடியது. உங்கள் மகன் பள்ளியில் படித்த மேசைதான் தோதுப்பட்டது. மாமா பிரேக்கை மிதித்தார், பெடல் டைல்ஸில் வழுக்கிச் சுவர் வரை போனது. நாற்காலி பின்னால் போனது. பிறகு பெடலை ஒரு பலகையில் திருகி, பலகையைச் சுவரில் முட்டுக் கொடுத்து, பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பதிலாக மர நாற்காலியைப் பீரோவில் சாய்த்துப் போட்டார். எல்லாம் அவரே. ஸ்குரூ டிரைவர் எங்கே என்று என்னை அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

ஒரு விஷயத்தில் மட்டும் யாசின் பிடிவாதமாக இருந்தான். “டிவி சுவத்துல இருந்தா ஆவாதுக்கா. சினிமா பாக்கற மாரி இருக்கும். கீழ எறக்கி, ஸ்டீரிங்குக்குப் பின்னாடியே, ஒரு கை தூரத்துல வைங்க. அப்பதான் ரெண்டு பக்கமும் ரோடு தெரியும்.” எனக்கு அது வீண் வேலையாகப் பட்டது. இருந்தாலும் இறக்கி ஸ்டூலில் வைத்தோம். வைக்காமல் விட்டிருந்தால்?

முதல் வாரம் மாமா எல்லா வளைவிலும் மண்ணில் இறங்கினார். லாரிக்குப் போடுவது போல பிரேக் போட்டார். பிறகு கை பழகியது. இடம் பார்த்து வேகம் குறைத்து, வளைவு முடிந்ததும் சீராக ஏற்றுவார். ஆனால் ரேஸ் முடிவதற்குள் யார் மேலாவது மோதிவிடுவார். “இந்த கேமு திருட்டு கேமு ஸ்டெல்லா. காலியா இருக்கற எடத்துல காரு மொளைக்குது” என்று தினமும் புகார். ஆனால் தட்டு காலியானது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு யாசின் பார்க்க வந்தான். அன்றும் அதே கதை. மாமா இடது வளைவில் திருப்பினார், ஒரு மஞ்சள் கார் மேல் மோதிச் சுழன்று நின்றார்.

“பாத்தியா தம்பி? எங்கேர்ந்து வந்தான் இவன்?”

“ரீப்ளே போட்டுப் பாக்கலாங்க ஐயா” என்றான் யாசின். ஓட்டியதை மறுபடி டிவியிலேயே பார்க்கலாம். போட்டான். மாமா ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்தபடியே பார்த்தார். நேர் ரோடு முழுக்க மஞ்சள் கார் அவருக்கு இடப்பக்கமாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. நான் பின்னால் நின்று பார்த்தேன், பளிச்சென்று தெரிந்தது.

“எங்க இருக்குது?” என்றார் மாமா.

“இதோ இங்கதாங்க ஐயா.”

மாமா தலையைத் திருப்பினார். “ம்... இருக்குது. இன்னொரு வாட்டி போடு.” மூன்று தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை தலையைத் திருப்பாமல் நேராகப் பார்த்தார். “நிறுத்து” என்றார். படம் நின்றது.

“தம்பி, அந்த வண்டி மேல உன் வெரல வை.”

யாசின் வைத்தான்.

“வெச்சிட்டியா?”

“வெச்சிட்டேங்க ஐயா.”

“எனக்குத் தெரியல. மெதுவா இப்பிடி நவுத்திக்கிட்டு வா.”

யாசினின் விரல் திரையில் வலது பக்கமாக நகர்ந்தது. நகர்ந்துகொண்டே இருந்தது. டிவியின் நடுவுக்கு நான்கு விரற்கடை இருக்கும்போதுதான், “இப்ப தெரியுது” என்றார்.

டிவி தள்ளிச் சுவரிலேயே இருந்திருந்தால் இது வெளிப்பட்டே இருக்காது. சுவர், பஸ், பூக்கார அம்மாவின் சைக்கிள், மூன்றும் இடப்பக்கம். யூனிட்டில் தினம் நூற்றுக்கணக்கில் பீங்கான் பியூஸ் கட்டையைத் தட்டிப் பார்த்து முடி அளவு விரிசலையும் கண்டுபிடிக்கிற எனக்கு, வீட்டுக்குள் இருந்த இது தெரியவில்லையே அத்தை.

மாமா எழுந்து அறைக்குள் போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசையில் ஒரு சாவியை வைத்தார். காரின் இன்னொரு சாவி. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

“நீ வேலைக்கிப் போனப்ப பெண்ணாடம் வரைக்கும் ரெண்டு வாட்டி போயிட்டு வந்தேன். அவ வருஷ நெனவு நாளுக்கு வேளாங்கண்ணிக்கி நானே ஓட்டிக்கிட்டுப் போவணும்னு இருந்தேன்” என்றார். “வெச்சுக்கோ.”

நான் அரிசி டின்னை நம்பி நிம்மதியாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வாரமே பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். கண்ணில் நீர் அழுத்தம் கூடி, நரம்பு கெட்டுப் பக்கப் பார்வை போயிருக்கிறதாம். நேர் பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்கே தெரியாதாம். கண்ணாடிக் கடையில் எழுத்தையெல்லாம் கடகடவென்று படித்துவிட்டுத்தானே வருவார்? போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வையைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டர் அம்மா. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார். காரைத் தொடக் கூடாது என்றதும் மாமா தலையாட்டினார். “வூட்டுல டிவில ஓட்டலாமுங்களா?” என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டு, “தாராளமா ஓட்டுங்க. தலைய நல்லாத் திருப்பித் திருப்பிப் பாருங்க” என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நெய்வேலியைத் தாண்டினோம். மாமா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“அவ பக்கத்துல உக்காந்தா வாயே மூட மாட்டா. சைக்கிளு வருது, ஆடு வருது, பாத்து, பாத்துன்னுவா. முப்பது வருஷம் லாரி ஓட்டுனவனுக்கு நீ சொல்லித் தரியான்னு திட்டுவேன். அவ இருந்த வரைக்கும் எங்கயும் இடிக்கல பாரு.”

நானும் பின் சீட்டில் உட்கார்ந்து, அத்தை கொஞ்ச நேரம் சும்மா வரக் கூடாதா என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்.

“அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா ஸ்டெல்லா?”

“தெரிஞ்சிருந்தா உங்கள ஓட்ட வுட்டிருப்பாங்களா மாமா?” என்றேன். நான் சொன்னது சரியா, அத்தை? தெரியாமல்தான் சொல்லிக்கொண்டு வந்தீர்களா? இல்லை, தெரிந்து, அவர் மனம் நோகக் கூடாது என்று வாயாடி என்ற பேரை வாங்கிக்கொண்டீர்களா?

இப்போதைய சேதி இது. மாமா தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ரேஸ் ஓட்டுகிறார். வளைவுக்கு முன்னால் இடப்பக்கம் தலை திரும்புகிறது. இருபது காரில் பதினோராவதாக வந்தார், அதற்கு யாசினுக்குப் போன் வேறு. நான் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன், முதல் வளைவிலேயே தலைகீழாகக் கிடந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேருகிறேன். கார் விற்பனைக்கு இல்லை.

இந்த நோய் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னதால், உங்கள் மகனைக் கத்தாரிலேயே பார்க்கச் சொல்லிப் பிடுங்கி எடுத்தேன். நேற்று போன் வந்தது. ஒன்றுமில்லையாம். போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதி அழுகைதான், பதறாதீர்கள்.

சொட்டு மருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அவருக்கே விட்டுக்கொள்ள வரவில்லை, கன்னத்தில்தான் விழுகிறது. அதனால் நான் விடுகிறேன். குழந்தை போலக் கண்ணை இறுக்கிக்கொள்கிறார். இமையைப் பிடித்து, “மேல பாருங்க மாமா” என்று சொல்லிச் சொல்லி விட வேண்டியிருக்கிறது. ஒரு வேளைகூடத் தவற மாட்டேன், அத்தை. காய்ச்சலில் படுத்தாலும், யூனிட்டில் வேலை எவ்வளவு இருந்தாலும், அவர் கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தை ஒரு சொட்டுகூடக் குறையவிட மாட்டேன். இது வாக்கு.

கட்டிலிலிருந்து கூப்பிடுகிறார். “ஸ்டெல்லா, மருந்துக்கு நேரமாச்சே.” அவரே ஞாபகப்படுத்துகிறார், பாருங்கள். போயிட்டு வரேன்.

எவர் கேட்டாலும் “எம் பொண்ணு” என்றே நீங்கள் சொல்லிவந்த
உங்கள் மருமகள்,
ஸ்டெல்லா