மேசையில் வைத்த தேத்தண்ணி

பெப்ரவரி 11, செவ்வாய்

எங்கள் வீட்டுப் பின்னறையில் வாடகைக்குத் தங்கியிருக்கும் பிரெஞ்சுக்காரப் பெண்ணின் மேல் எனக்குப் பொறாமை. அதற்கு வேறு பெயர் வைத்து என்னையே ஏமாற்ற முடியாது.

யூதர்கள். கைப்பிள்ளையோடு ஆலங்குடாவுக்கு வந்து இரண்டு கிழமை. புருஷன் பிள்ளையை அவள் கையில் கொடுப்பதில்லை. கட்டிலில் வைப்பான், அவள் எடுப்பாள். சண்டையாக்கும் என்று நினைத்து, கேட்காமலே இன்னொரு மெத்தை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் சிரித்தாள். பிள்ளை பெற்றவள் இரத்தம் நின்று, ஏழு நாள் எண்ணி, கடலில் முழுகும் வரைக்கும் புருஷனின் விரல்கூடப் படக்கூடாதாம். அந்த ஏழு இன்றோடு முடிந்தது.

இருட்டியதும், ஆள் வராமல் பார்க்கச் சொல்லி என்னைக் கரையில் நிறுத்தினாள். பிள்ளை என் தோளில். அவள் புருஷன் துவாயோடு நின்றான். தலைமுடி முழுக்கத் தண்ணீருக்குள் போய் அவள் எழுந்து வந்ததும் கையைப் பிடித்தான். அறை வரைக்கும் விடவில்லை.

மூத்தவனைப் பெற்று, நாற்பது நாள் தீட்டு முடிந்து, நான் குளித்து வந்த அன்று என் புருஷன் கேட்டது இதுதான்: "குளிச்சாச்சா புள்ள? அப்ப நாளைக்கி நீ கருவாட்டுக் கடையத் தொறக்கிறியா?"

அன்று அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். கடை என்னால்தான் வளர்ந்தது, அது உண்மை.

இன்றைக்குத் தேத்தண்ணியை அவர் கையில் கொடுக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு நின்றேன். எடுத்துக் குடித்தார்.

"சீனி காணாது புள்ள."

போட்டுக் கொண்டுவந்தேன். அதையும் மேசையில்தான் வைத்தேன்.