மை டப்பியில் கரிச்சுருள்

ஷில்பா கண்ணு,

நீ சோறு தின்னாமல் வைட்ஃபீல்டுக்குப் போனதிலிருந்து எனக்கு இருப்பு கொள்ளவில்லை. உன் அண்ணன் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று வீடெல்லாம் ஜனம், கண்ணு பட்டுவிடும். அலமாரியில் நீ வைத்திருந்த டப்பியில் கறுப்பாக இருந்ததை மை என்று நினைத்து, விளக்கெண்ணெயில் குழைத்துக் கன்னத்தில் பொட்டு வைத்தேன். அது நானோ டியூப் என்கிற, ஒவ்வொன்றாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத கரிச்சுருள், உங்க ஆபீஸ் உலையில் நீ பாடுபட்டு வளர்த்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? "ஆயா, உனக்கு மூளை இருக்கா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாயே, அதை மறக்கமாட்டேன். உன் அம்மா தன் கல்யாணத்தன்று என்னைச் சொன்னதையே நான் மறக்கவில்லை.

பொட்டைத் துடைத்த துணியைத் துவைக்காமல் கவரில் போட்டு அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். உங்க ஆபீஸ் பூதக்கண்ணாடி மிஷினில் வைத்துப் பார். ஒரு சுருளாவது மிஞ்சியிருந்தால் எடுத்துக்கொள். இல்லாவிட்டால் நேரில் வந்து திட்டு. சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

உன் அப்பனைப் பெத்தவள்