பாதிக் கிணறு

பிப்ரவரி 11, 2024, ஞாயிறு

இன்று சுவரைக் கொத்த ஆரம்பித்தேன். நானேதான். கொத்தனார் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று தை மாதம் முழுக்க ஏமாற்றிவிட்டார். வெள்ளத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் எல்லோருக்கும் கொத்தனார் வேண்டும். தனியாக இருக்கிற பொம்பளை வீட்டு வேலை அதில் கடைசிதான். போகட்டும். யூடியூப் இருக்கிறது, கை இருக்கிறது. ஹார்பர் ஆபீசில் கப்பல் சரக்குக்கு பில் போட்டே மரத்துப்போன கை.

மார்கழி வெள்ளம் இடுப்பளவு நின்ற வீடு. அப்பா காலத்துச் சுண்ணாம்புக் காரை பாளம் பாளமாக விழுகிறது. தலை முழுக்க வெள்ளைப் பொடி. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அப்பா வீட்டை இரண்டாகப் பிரித்து, தெற்குப் பாதி காசிலிங்கம் அண்ணனுக்கு, வடக்குப் பாதி எனக்கு என்று எழுதிவிட்டுப் போனார். நான் விவாகரத்து வாங்கிக்கொண்டு இங்கேயே குடிவருவேன் என்று அண்ணன் நினைக்கவில்லை. வந்த மாதமே நடுவில் சுவர் எழுப்பிவிட்டார். முற்றத்துக் கிணறு சரியாக நடுவில் இருந்ததால் சுவர் கிணற்றுக்கு மேலேயும் போகிறது. அந்தப் பக்கம் அரை வட்டம், இந்தப் பக்கம் அரை வட்டம். ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு வாளி. கீழே தண்ணீர் மட்டும் ஒன்று.

வைகாசிக்குள் வேலையை முடித்துப் பால் காய்ச்ச வேண்டும். அண்ணனும் மதினியும் வந்து பார்க்க வேண்டும். பார்த்து வாயடைத்து நிற்க வேண்டும். அதுதான் ஆசை. இங்கே எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள்.

பிப்ரவரி 25

பூச்சு வெடித்துவிட்டது. நரம்பு நரம்பாக, ஒரு சுவர் முழுக்க. சிமெண்ட் கூடப் போட்டால் உறுதி என்று நானாக நினைத்துக்கொண்டேன். அப்படியில்லையாம். கூடப் போட்டால் வெடிக்குமாம். இதை அந்த வீடியோக்காரன் கடைசி நிமிடத்தில் சொல்கிறான்.

மார்ச் 10

குளியலறையில் டைல்ஸ் ஒட்டி முடித்து, ஆசையாக ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் ஜலதாரைக்குப் போகாமல் நேராக என் படுக்கையறைக்கு வந்தது. வாட்டத்தை, அதாவது தரைச் சரிவை, தலைகீழாகக் கொடுத்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எல்லாவற்றையும் பெயர்த்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மதினி இட்லி மாவு அரைத்து விற்கிறாள். திரேஸ்புரம் வரைக்கும் சண்முகத்தாய் மாவு என்றால் தெரியும். காலையில் நான்கு ஐந்து பேராவது பாத்திரத்தோடு வாசலில் நிற்பார்கள். என் வாசலில் நிற்பது ஜல்லிக் குவியல்.

மார்ச் 17

தண்ணீர்தான் பெரிய தலைவலி. குழாயில் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாது. பூச்சுக்கும் தண்ணீர், பூசியதை நனைக்கவும் தண்ணீர். வாளியில் இறைத்து இறைத்துத் தோள்பட்டை கழன்றுவிட்டது. கிணற்றில் மோட்டார் வைக்கலாம் என்றால் அப்பா வைத்த சட்டம் குறுக்கே நிற்கிறது: இந்தக் கிணற்றில் வாளிதான். தெருவில் நல்ல தண்ணீர்க் கிணறு இது ஒன்றுதான். சுற்றிலும் எல்லாம் உவர்ப்பு.

சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகவே கேட்டேன், மோட்டார் வைக்கலாமா என்று. மதினிதான் பதில் சொன்னாள்.

"வேண்டாம்ளா உமா. மேலால மோந்துக்கிட்டாத்தான் இது நல்ல தண்ணி. உறிஞ்சுனா அடில கெடக்க உப்பு மேல வந்துரும். மாமா சொல்லிக்கிட்டே இருப்பாவ."

அப்பா என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மருமகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாராமா? நான் வாளியைத் தூக்கிக்கொண்டே சாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மோட்டார் வைத்து நான் நிமிர்ந்துவிட்டால் யாருக்குப் பொறுக்கும்?

மார்ச் 23, சனி

போர்வெல் போட்டாயிற்று! கிணற்றில் இல்லை. என் முற்றத்தில், என் இடத்தில், கிணற்றுக்கு நாலடி தள்ளி. கிணற்றில் மோட்டார் கூடாது என்றுதானே சட்டம்? கிணற்றுப் பக்கத்தில் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

போர்க்காரர் ரெக்சன் பாதியிலேயே நிறுத்தி, "அக்கா, நல்ல தண்ணி கெடச்சிட்டு. போதுமா?" என்றார். ஊற்று கொஞ்சம் மெலிவாகத்தான் இருந்தது. இன்னும் போங்கள் என்றேன். போனார். பிறகு தண்ணீர் பீறிட்டது பாருங்கள், என் சேலையெல்லாம் சேறு. சிரித்துவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

சுவருக்கு அந்தப் பக்கம் கப்பிச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி நிற்கிறேன். காலை, மதியம், மாலை என்று சுவரெல்லாம் நனைகிறது. மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. இரண்டாவது பூச்சு வெடிக்கவில்லை. வாட்டமும் சரியாக வந்துவிட்டது. தப்பு செய்துதான் வேலை படிக்க வேண்டும் போல. படித்துவிட்டேன்.

அந்தக் கப்பிச் சத்தம்தான் எரிச்சல். விடிந்தும் விடியாமல் கீச்... கீச்... "மதினி, அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடக்கூடாதா?" என்று கத்தினேன். "உன் மோட்டாரு சத்தத்துக்கு இது பரவால்லளா" என்று பதில் வந்தது.

மே 5

மதினி சுவருக்கு மேல் ஒரு செம்பை நீட்டினாள். "ஏளா, குடிச்சுப் பாரு. கரிக்கு."

குடிக்கவில்லை. வேலை ஆரம்பித்ததிலிருந்து தூசிக்குப் பயந்து, குடிக்கவும் சமைக்கவும் எனக்குக் கேன் தண்ணீர்தான். "கோடைன்னா கரிக்கத்தான் செய்யும் மதினி" என்றேன்.

"இந்தக் கெணறு எந்தக் கோடைலயும் கரிச்சதில்ல. மாவு புளிக்க மாட்டேங்கு. நேத்து ரெண்டு வீட்டுல திருப்பிக் குடுத்துட்டாவ. அந்த மோட்டார கொஞ்ச நாளு நிறுத்து தாயி."

தாயி என்றாள். இதுவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. காரியம் ஆக வேண்டும் என்றால் தாயி. இங்கே குடிவந்த அன்று ஒரு வாய் காபிக்குக் கூப்பிட்டாளா? தரைப் பூச்சு காய்கிற நேரம், இப்போது தண்ணீரை நிறுத்தினால் எல்லாம் வெடிக்கும். முடியாது என்றேன். செம்பு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

மே 19

கிரைண்டர் சத்தம் கேட்டு ஒரு வாரம் இருக்கும். ரிப்பேராக இருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

பால் காய்ச்சினேன்.

எழுத வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆபீஸிலிருந்து ஈவாஞ்சலின், ரீனா, தெருவில் எல்லோரும். அண்ணனையும் மதினியையும் நேற்றே நேரில் போய், பழம் வெற்றிலை வைத்து அழைத்திருந்தேன். வருவார்களோ மாட்டார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தார்கள். மதினி பட்டுச் சேலை கட்டியிருந்தாள். நிறைகுடத்தை அவள்தான் எடுத்துக்கொண்டு முதலில் உள்ளே வந்தாள். நான் கேட்காமலே. அண்ணன் சுவரைத் தடவிப் பார்த்து, "நீயா பூசுன?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை நாள் சிமெண்ட் தின்றேன்.

பால் அடிப்பிடிக்காமல் இருக்கப் பானையில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவோம். புது வீட்டுத் தண்ணீராக இருக்க வேண்டும் என்று என் போர்வெல் குழாயைத் திறந்து நானே பிடித்து ஊற்றினேன். பால் ஊற்றினேன். பொங்கி வரும், குலவை போடலாம் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பொங்கவில்லை. திரிந்தது. கட்டி கட்டியாக, மஞ்சள் தண்ணீருக்குள். அபசகுனம் என்று ஒருத்தி முனகியது காதில் விழுந்தது.

நான் குழாயிலிருந்து உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டேன். கடல். அப்படியே கடல்தண்ணீர்.

மதினி என்னைப் பார்த்தாள். முறைத்திருந்தால் தாங்கியிருப்பேன். பால் கெட்டுப்போயிருக்கும், கடைக்காரன் பழசைக் கொடுத்திருப்பான் என்று மற்றவர்களிடம் எனக்காகப் பொய் சொன்னாள்.

ஜூன் 10

அண்ணன் வாசலில் நின்றே பேசினார். உள்ளே வரவில்லை. சத்தமும் போடவில்லை.

"அப்பா ஒனக்குப் பாதிதான் எழுதுனாவ. நீ அடில கெடந்ததையும் சேத்து எடுத்துட்ட."

அவ்வளவுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சுவர் வைத்தது யார்? சுவர் வைக்காமல் இருந்திருந்தால் நான் ஏன்— என்று ஆரம்பித்தேன். அவர் போய்விட்டார். நான் சொல்ல வந்ததும் பொய் இல்லை. ஆனால் வாய்க்குள் உப்பு இருக்கும்போது அதைச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 30

சுவரில் பூத்துவிட்டது. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வெள்ளை வெள்ளையாக உப்பு. விரலால் தட்டினால் பூச்சு பொரிப்பொரியாகக் கொட்டுகிறது. நான் மூன்று வேளையும் ஊற்றி வளர்த்தது இதைத்தான். ஆறுமுகநேரி உப்பளத்தைப் பார்க்க பஸ் ஏற வேண்டாம், என் நடுவீட்டுக்கு வந்தால் போதும்.

ரெக்சனை வரச்சொல்லி மோட்டாரை வெளியே எடுத்தாயிற்று. களிமண்ணும் சிமெண்டும் போட்டு போரை அடைத்தாயிற்று. "இப்ப அடச்சா சரியாயிருமா?" என்றேன். "அது மழ கையில இருக்குக்கா" என்றார். அன்றைக்குப் போதுமா என்று கேட்டீர்களே, எதற்காகக் கேட்டீர்கள், காரணத்தையும் சொல்லியிருக்கலாமே என்று அவர்மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். மதினி காரணத்தோடுதான் சொன்னாள். கேட்டேனா?

ஜூலை 14

மதினி வீட்டு வாசலில் தண்ணீர் கேன்கள். கேன் தண்ணீரில் மாவு அரைத்துப் பார்த்தாளாம். பழைய ருசி இல்லை என்று ஆட்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்களாம். ஈவாஞ்சலின் சொன்னாள். ஆபீஸில் உட்கார்ந்து அழுதேன். மேனேஜர் ஜலதோஷமா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 18

அண்ணன் வீடு காலி செய்கிறார். முத்தையாபுரத்தில் வாடகைக்கு. அங்கே குழாயில் தண்ணீர் தவறாமல் வருகிறதாம். கிரைண்டரை வண்டியில் ஏற்றும்போது நானும் ஒரு கை பிடிக்கப் போனேன். மதினி, "விடு, கைல பட்டுரும்" என்றாள். அக்கறையா விலக்கலா, தெரியவில்லை.

போகும்போது சாவியை என்னிடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். பக்கத்துத் தெருவில் யாரிடமோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்டோபர் 6

கரிக்கிறது.

நவம்பர் 3

கரிக்கிறது. மேகம் வந்து வந்து போகிறது. மழை வரவே மாட்டேன் என்கிறது.

உப்பு பூத்த பூச்சையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு குழைத்துப் பூசுகிறேன். இந்தத் தடவை கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர், இரண்டு குடம் கிடைத்தால் இரண்டு குடத்துக்கு உண்டான வேலை. மெதுவாகத்தான் போகிறது. போகட்டும். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்.

டிசம்பர் 15

மூன்று நாளாகக் கொட்டித் தீர்த்துவிட்டது. போன வருடம் மாதிரி ஆகிவிடுமோ என்று தெருவே பயந்து கிடந்தது. நான் மட்டும் குடை பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றேன். இன்னும் பெய், இன்னும் பெய் என்று. பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். தண்ணீர் கைக்கு எட்டுகிற மாதிரி மேலே வந்துவிட்டது. மேலாக மோந்தேன். கொஞ்சம்தான் கரித்தது.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

காலையில் மோந்து குடித்தேன். கரிக்கவில்லை. நம்பாமல் இன்னொரு செம்பு குடித்தேன். இல்லை. துளிகூட இல்லை. என் நாக்கு பழகிப்போய்விட்டதோ என்று ரீனாவை வரவழைத்துக் குடிக்கச் சொன்னேன். "நல்ல தண்ணி, ஏன்க்கா அழுறீங்க?" என்றாள்.

ஒரு குடம் நிறைத்து, மூடி கட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு முத்தையாபுரம் போனேன். வழி முழுக்கப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். வந்துவிடுங்கள் மதினி. சுவரை இடித்துவிடலாம் மதினி. நானே இடிக்கிறேன், எனக்கு இப்போது இடிக்க நன்றாகத் தெரியும்.

அண்ணன் வீட்டில் இல்லை. மதினி ஒரு எவர்சில்வர் கடையில் வேலைக்குப் போகிறாளாம், அப்போதுதான் வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிரைண்டர் மூலையில், மேலே துணி போட்டு மூடி, துணிக்கு மேல் இஸ்திரிப் பெட்டி. நான் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். நிறுத்தாமல், அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை. டம்ளரைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"நல்லாத்தாம்ளா இருக்கு" என்றாள். "நீயே குடி."

ஜனவரி 13

குடத்தை மதினி திருப்பிக் கொடுத்துவிட்டாள், தண்ணீரோடு. நேற்று ராத்திரி அதில்தான் சோறு பொங்கினேன்.

இன்று விடியற்காலையில் என் கப்பி கீச்சிட்டது, மதினி கப்பி மாதிரியே. மழையில் துருப்பிடித்திருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன். பிறகு எண்ணெய் விடாமலே திரும்பி வந்துவிட்டேன்.